டைல்ஸுக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்

குன்றாண்டார்கோவிலில் வீடு கட்டிவரும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே, குளிக்க மட்டும் 4-க்கு 4 அடியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. ‘கூரைவரை டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஓதம் வராதுதானே?’ என்று கேட்கிறார். வரும், அம்மா.

உங்கள் ஊர்க் குடைவரையை நினைத்துப் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து எடுத்த கருவறை அது. தரை, சுவர், கூரை எல்லாம் ஒரே பாறை. ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் கட்டும் அறையோ முழுக்க முழுக்க இடுக்கு. 9 அடி உயரம், ஒன்றரைக்கு ஓரடி டைல் என்று கணக்குப் போட்டேன். கதவைக் கழித்த பிறகும் சுவரில் மட்டும் 200 அடிக்கு மேல் இடுக்கு வருகிறது.

அந்த இடுக்கில் அடைக்கும் சிமென்ட் கிரவுட் கசியும். எங்கள் வீட்டில் அம்மா மண்பானையை மணல்மேல் வைத்திருப்பார். பானையில் ஓட்டையே இருக்காது, ஆனாலும் அடிமணல் எந்நேரமும் ஈரமாக இருக்கும். கிரவுட்டும் அந்தப் பானையின் சாதிதான். தண்ணீரை நிறுத்துவது டைல்ஸுக்கு முன்பே பூச வேண்டிய வாட்டர்ப்ரூஃப் பூச்சு. தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி பதித்து, ஒரு கோட் காய்ந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு கோட் அடிக்க வேண்டும். குழாய் வெளிவரும் துளையையும் தரையில் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பின் விளிம்பையும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். தரைக்கு 4 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் போதும்.

பூச்சு நன்றாகக் காய்ந்தபின் ட்ராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் டைல்ஸ் ஆள் வருகிறார் என்பதற்காக எங்கள் வீட்டில் இதைச் செய்யவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் பொரிந்து உப்புப் பூத்தது. ஒட்டிய டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்தோம். ஒரு நாள் பொறுக்காமல் ஒரு மாத வேலையை இழுத்துக்கொள்வது பெரும் வீண்.

இனி நீராவி. அது போக வழியில்லாவிட்டால் கூரையில் முத்து முத்தாகக் கோத்து, பிறகு கரும்பூஞ்சையாகப் படரும். துணியே காயாத ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, அதன் குழாயை மொட்டைமாடிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பொய்க்கூரைக்குள் விட்டால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். உள்ளே காற்று வந்தால்தான் ஃபேன் வெளியே தள்ளும். இறுக மூடும் கதவுக்குள் அது சும்மா சுற்றும், சத்தம் மட்டும் வரும்.

குடி போனதும் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கதவின் அடியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போகவில்லை என்றால், ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவின் அடியில் அரை அங்குலம் இழைக்கச் சொல்லுங்கள்.