போத்தலை விற்றது யார்?

வணிகச் செய்தி வானொலியில் பத்து விநாடிகளில் முடிந்துவிடும். “நிறுவனத்தின் காலாண்டு லாபம் இத்தனை விழுக்காடு கூடியது.” அடுத்து வானிலை. கேட்பவர் மனத்தில் அந்த ஓர் எண் மட்டும்தான் தங்கும். ஆனால், லாபம் எவ்வளவு என்பதைப்போலவே முக்கியமான கேள்வி ஒன்று அதன் பின்னால் இருக்கிறது. சரக்கு எந்த வழியாக விற்றது?

இதைப் புரிந்துகொள்ள சீனாவின் மாவ்தாய் மதுபான நிறுவனம் நல்ல பாடம். மது அருந்தாதவர்களும் படிக்க வேண்டிய பாடம்தான். கதையின் கரு காசும் கணக்கும்!

தென்மேற்குச் சீனாவின் குவெய்சோ மாநிலத்தில், ச்சிஷுய் ஆற்றங்கரையில் இருக்கிறது மாவ்தாய் ஊர். செஞ்சோளமும் கோதுமையும்தான் மூலப்பொருள்கள். ஒரே ஆண்டில் சோளத்தை ஒன்பது முறை அவித்து, எட்டு முறை நொதிக்கவைத்து, ஏழு முறை மதுவை வடிக்கிறார்கள். பிறகு சில ஆண்டுகள் சாடிகளில் உறங்கவிடுகிறார்கள். சோளம் போத்தலாகிக் கடைக்கு வர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். 1972ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் சென்றபோது சீனப் பிரதமர் சோ என்லாய் அவருக்கு விருந்தில் பரிமாறியது இந்த மதுவைத்தான்.

அரசாங்கத்துக்குச் சொந்தமான குழுமத்தின் பிடியில் உள்ள இந்நிறுவனம், 2001ல் ஷாங்ஹாய் பங்குச்சந்தையில் நுழைந்தது. 2024ல் அதன் வருமானம் ஏறத்தாழ 174 பில்லியன் யுவான். நிகர லாபம் ஏறத்தாழ 86 பில்லியன் யுவான். நூறு யுவானுக்கு விற்றால் கிட்டத்தட்ட ஐம்பது யுவான் கையில் நிற்கிறது. எந்தத் தொழிலில் இப்படி நடக்கும்?

ஒரே போத்தலுக்கு மூன்று விலை

மாவ்தாயின் முதன்மைச் சரக்கு, ‘ஃபெய்தியான்’ எனப்படும் 53 டிகிரி, அரை லிட்டர் போத்தல். அதற்கு மூன்று விலைகள். முகவர்களுக்கு ஆலை கொடுக்கும் விலை 969 யுவானாக இருந்தது. 2023 நவம்பரில் அது 1,169 யுவானுக்கு உயர்ந்தது. வாடிக்கையாளருக்கு நிறுவனம் பரிந்துரைத்த விலை 1,499 யுவான். மூன்றாவது, வெளிச்சந்தை விலை. 2021ல் பெட்டி பிரிக்கப்படாத சரக்கு போத்தலுக்கு 3,000 யுவானைத் தாண்டியது.

முதல் விலைக்கும் மூன்றாம் விலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பாருங்கள். அந்த இடைவெளியில்தான் முகவர்களின் செல்வம் வளர்ந்தது. முகவர் உரிமை கிடைத்துவிட்டால் பணம் காய்க்கும் மரம் கிடைத்த மாதிரி. மரம் இருந்தால் கல்லெறியும் நடக்கும் அல்லவா? நிறுவனத்தின் முன்னாள் தலைவர் யுவான் ரென்குவோ, முகவர் உரிமை பெற்றுத் தருவது போன்ற சலுகைகளுக்காக 110 மில்லியன் யுவானுக்கும் அதிகமாக லஞ்சம் வாங்கியதாக நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டது. 2021ல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆலையே கடை திறந்தது

‘இந்த லாபம் ஏன் இடைத்தரகருக்குப் போக வேண்டும்?’ என்று நிறுவனம் கேட்கத் தொடங்கியது. 2018ல் மது விற்பனையில் நேரடி விற்பனையின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். சொந்தக் கடைகள் பெருகின. 2022ல் ‘ஐ மாவ்தாய்’ செயலி வந்தது. அப்போது காலையில் பதிவுசெய்தால் மாலையில் குலுக்கல் முடிவு தெரிந்தது. அதிர்ஷ்டம் இருந்தால் 2,499 யுவான் கொடுத்து, புலி ஆண்டுச் சிறப்புப் போத்தலை வாங்க முடிந்தது. பணம் கொடுத்து வாங்கவே குலுக்கல்!

2023ல் நேரடி விற்பனையின் பங்கு ஏறத்தாழ 46 விழுக்காட்டை எட்டியது. அந்தச் செயலி மட்டுமே அவ்வாண்டில் 22 பில்லியன் யுவானுக்குமேல் ஈட்டியது. இங்கேதான் கணக்கின் சூட்சுமம். முகவருக்கு 969 யுவானுக்குக் கொடுத்த போத்தலைத் தானே 1,499 யுவானுக்கு விற்றால், வரியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 530 யுவான் கூடுதலாக வருகிறது. ஒரு போத்தல்கூட அதிகம் தயாரிக்காமலேயே வருமானம் ஏறுகிறது. காலாண்டு அறிக்கைகள் பளபளத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இளையர்களையும் நிறுவனம் விடவில்லை. நம் சிங்கப்பூரிலும் கடை விரித்துள்ள லக்கின் காப்பி நிறுவனத்துடன் சேர்ந்து, 2023 செப்டம்பரில் சீனாவில் மாவ்தாய் கலந்த லாத்தேயை அறிமுகப்படுத்தியது. முதல் நாளே 5.42 மில்லியன் குவளைகள் விற்றன.

காற்று திசை மாறியது

பிறகு சீனாவில் சொத்துச் சந்தை தளர்ந்தது. வணிக விருந்துகளும் விலையுயர்ந்த அன்பளிப்புகளும் குறைந்தன. 2025 மே மாதத்தில், அரசாங்கப் பணி சார்ந்த விருந்துகளில் மது கூடாது என்று சிக்கன விதிமுறைகள் இறுகின. அடுத்த மாதமே ஃபெய்தியானின் வெளிச்சந்தை விலை 2,000 யுவானுக்குக் கீழே போனது.

இப்போது அதே ஆண்டின் இரண்டு காலாண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2025 முதல் காலாண்டில் நிகர லாபம் 11 விழுக்காட்டுக்குமேல் கூடியது. நேரடி விற்பனை 20 விழுக்காடு உயர்ந்தது; முகவர்வழி விற்பனை 4 விழுக்காடு அளவில் மட்டுமே உயர்ந்தது.

மூன்றாம் காலாண்டில் லாப வளர்ச்சி அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இருந்தாலும், இறங்கவில்லையே என்று நிம்மதி அடையலாமா? உள்ளே பாருங்கள். நேரடி விற்பனை ஏறத்தாழ 15 விழுக்காடு சரிந்தது. செயலிவழி விற்பனை பாதிக்கும் கீழே விழுந்தது. முகவர்வழி விற்பனையோ ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தது. அந்த உயர்வு இல்லாவிட்டால் மொத்த எண்ணே சரிந்திருக்கும்.

செயலியில் வாங்குபவர் பணம் கட்டிப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். முகவருக்கு விற்பதோ, சரக்கு ஆலைக் கிடங்கிலிருந்து முகவர் கிடங்குக்கு மாறுவது. அது கடைசியில் ஒருவர் மேசைக்குப் போனதா என்பது ஆலையின் கணக்கில் தெரியாது. முகவர்கள் முன்பணம் கட்டிச் சரக்கெடுப்பவர்கள். விலை இறங்கினால் ஆலையின் லாபம் ஏட்டில் அப்படியே இருக்கும். நட்டம் முகவரின் கிடங்கில் தூங்கும்.

‘ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி’ என்பார்கள். இங்கே நடந்தது கொஞ்சம் வேறு. கரையில் நிற்கும்போது ஓரங்கட்டப்பட்ட முகவர், வெள்ளம் வந்ததும் மறுபடியும் அண்ணன் ஆகிவிட்டார். இடைத்தரகர் என்றால் சும்மா இருந்து காசு பார்ப்பவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல காலத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். கெட்ட காலத்தில் அடியை முதலில் தாங்குபவர் அவர்தான். சந்தை மந்தமானால் ஆலை கையைக் கட்டிக்கொள்ளவும் முடியாது. நல்ல காலத்தில் அவித்த சோளம் ஐந்து ஆண்டுகள் கழித்து, மந்தமான காலத்தில் போத்தலாக வந்து நிற்கும்.

2025 டிசம்பரில் வெளிச்சந்தை விலை 1,499 யுவானுக்கும் கீழே இறங்கியது. 2026 புத்தாண்டு நாளில், ஃபெய்தியானைத் தன் செயலியில் நேரடியாக 1,499 யுவானுக்கே நிறுவனம் விற்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் அந்த விலைக்குக் கிடைத்தால் யோகம். இப்போது முகவருக்கு அதுவே போட்டியாக வந்தது. 1,169 யுவானுக்கு எடுத்தவருக்கு முந்நூற்றுச் சொச்சம் யுவான்தான் இடைவெளியாக இருந்தது. கடை வாடகையும் சம்பளமும் அதற்குள்தான் அடங்க வேண்டியிருந்தது.

நமக்கு என்ன?

நம்மில் பலர் இன்று கைப்பேசியிலேயே பங்கு வாங்குகிறோம். மாவ்தாய் வேண்டாம், காலணி, கைப்பேசி, கார் என்று எந்த நிறுவனமாகவும் இருக்கட்டும். காலாண்டு அறிக்கை வந்தால் லாப எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேரடி விற்பனை கூடியதா, முகவர்வழி விற்பனை கூடியதா? முகவர்கள் கட்டும் முன்பணம் ஏறுகிறதா, இறங்குகிறதா? அறிக்கையில் உள்ள விலைக்கும் கடைத்தெருவில் உள்ள விலைக்கும் எவ்வளவு தூரம்?

மாவ்தாயின் முன்பணக் கணக்கு 2023 இறுதியில் ஏறத்தாழ 14 பில்லியன் யுவான். 2024 இறுதியில் அது 10 பில்லியனுக்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஆண்டில் லாபம் 15 விழுக்காடு கூடியது என்பதுதான் தலைப்புச் செய்தி. முகவர்களின் கை தயங்கத் தொடங்கியிருந்தது, அதே அறிக்கையில் சில பக்கங்கள் தள்ளி எழுதப்பட்டிருந்தது.