ஆனையிறவின் யானைகளும் நெடுந்தீவின் குதிரைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதிக்கு ஆனையிறவு என்று பெயர். உப்புக் காற்றும் வெண்மணலும் ஆழமற்ற கடனீரேரியும் சூழ்ந்த இவ்விடத்திலே இன்று யானையைக் காண்பது அரிது. ஆயினும், ஊரின் பெயர் பழைய செய்தி ஒன்றைக் காத்து நிற்கின்றது. ‘இறத்தல்’ என்னுஞ் சொல்லுக்குக் கடத்தல் என்பது பழம்பொருள்களுள் ஒன்று. யானைகள் கடந்து சென்ற இடமாதலின் ஆனையிறவு எனப்பட்டது என்று பொருள் கூறுவர்.

வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகளும், வன்னிபங்கள் திறையாகச் செலுத்திய யானைகளும், பழக்கப்பட்ட யானைகளின் துணையோடு இந்த ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே அவை விலைபேசப்பட்டு, ஊர்காவற்றுறையிலே மரக்கலங்களில் ஏற்றப்பட்டு, இந்தியக் கரைகளை அடைந்தன. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் யானை வாங்க யாழ்ப்பாணத்துக்கு வந்தனர்.

யானை வெளியே சென்ற இக்கடல்வழியிலேதான் குதிரை உள்ளே வந்தது. இதற்குக் கல்லிலே பொறித்த சான்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவிலே ஒரு தமிழ்ச் சாசனம் நாட்டினான். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அச்சாசனம் பணிக்கின்றது. வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் அதிற் பாதி அரச பண்டாரத்துக்கு உரியது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தாலோ கால்பங்கு மட்டுமே பண்டாரத்துக்கு, மற்றை முக்கால் பங்கும் உடையவனுக்கே. இவ்விலங்குகளை ஏற்றிவரும் வணிகன் அஞ்சிப் பின்வாங்கிவிடலாகாது என்று கருதியே மன்னன் இச்சலுகையை அளித்தான் எனலாம்.

குதிரைக்கு ஏன் இத்துணை மதிப்பு? அது இம்மண்ணுக்கு உரிய விலங்கு அன்று. வறண்ட புல்வெளிகளிலே தோன்றி வளர்ந்த விலங்கு அது. தென்னாட்டின் வெப்பமும் ஈரமும் அதற்கு ஒத்துவருவதில்லை. ஆகவே அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் புதிய குதிரைகளை வாங்கவேண்டியிருந்தது. சங்க நூலாகிய பட்டினப்பாலையும் கடல்வழி வந்த குதிரைகளைக் குறிப்பிடுகின்றது.

வாங்கிய குதிரைகள் என்ன ஆயின என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகர வணிகர் மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார். அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர். ஆண்டு முடிவதற்குள் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். அதற்குக் காரணமும் கூறுகிறார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லை. சோற்றையும் இறைச்சியையும் சமைத்து அவற்றுக்கு ஊட்டினர். குதிரை விற்ற வணிகரோ குதிரை வைத்தியரை இந்நாட்டுக்கு வரவிடாது தடுத்தனர். குதிரைகள் மடிய மடியத்தானே அவர்களுடைய வாணிகம் ஓங்கும்! அயலான் எழுதிய குறிப்பாதலின் இதிலே மிகை இருக்கலாம். ஆனால் அதன் கருத்து தெளிவானது. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். குதிரையைக் காக்கும் அறிவை நாள்தோறும் உழைத்தே பெறவேண்டும்.

இந்தியாவிலே அவ்வறிவு முற்றாக இல்லாமற் போனதும் இல்லை. சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் அசுவ சாத்திரங்கள் குதிரையின் இலக்கணமும் நோயும் மருந்தும் கூறுவன. நகுலன் பெயரிலுள்ள நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952-இல் பதிப்பித்தது. ஆயின் ஏட்டிலே உள்ள அறிவு இலாயத்திலே வேலை செய்பவன் கைக்கு வந்தாலன்றிக் குதிரைக்குப் பயன் இல்லை.

இலாயம் என்பது பெரிய அரண்மனைக் கட்டடமாக இருக்கவேண்டியதில்லை. மூன்று நான்கு குதிரைகள் நிற்கும் கூரையும், காற்றோட்டமும், நீர் தேங்காத தரையும், அருகே ஒரு நன்னீர்க் கிணறும் இருந்தாற் போதும். அங்கே பொழுது புலருமுன் வேலை தொடங்குகின்றது. குதிரைக்காரன் முதலிற் செய்வது பார்ப்பது. இரவு இட்ட தீனியில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது? சாணம் வழமைபோல் இருக்கின்றதா? நான்கு கால்களிலும் உடற்பாரம் சமமாக நிற்கின்றதா? காதுகள் ஓசை வந்த பக்கம் திரும்புகின்றனவா? குதிரை தன் நோவை வாய்விட்டுக் கூறுவதில்லை. அடிக்கடி வயிற்றைத் திரும்பிப் பார்த்தலும், காலால் நிலத்தைக் கிளறுதலும், உருண்டு புரளுதலும் வயிற்றுச் சூலையின் அறிகுறிகள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆதலின் மாட்டுக்குச் சிறு தொல்லையாகக் கழியும் உணவுக் கோளாறு குதிரையின் உயிரையே கவர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது நீர். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 40 லீற்றர் வரை நீர் குடிக்கும். வெயிற் காலத்திலும் உழைப்பு மிகுந்த நாளிலும் இதனினும் கூடும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், நக்குவதற்கு உப்பும் வைத்தல் வேண்டும். ஆனால் உப்பு இருந்து நன்னீர் இல்லையென்றால் அதுவே கேடாகும். உப்பளத்துக்குப் பெயர்பெற்ற ஆனையிறவுப் பகுதியிலும் அதனை ஒத்த கரையோரங்களிலும் விலங்கு வளர்ப்போர் முதலில் ஆராயவேண்டியது கிணற்று நீரின் சுவையே.

உடலின் பருமைக்குக் குதிரையின் இரைப்பை சிறியது. எனவே ஒரே வேளையில் நிறைய இடாமல் சிறிது சிறிதாகப் பலமுறை தீனி இடவேண்டும். புல்லும் வைக்கோலுமே முதன்மையான உணவு. ஊறவைத்த அல்லது வேகவைத்த கொள்ளு உழைக்கும் குதிரைக்கு அளவோடு கொடுக்கத்தக்கது. தீனியைத் திடீரென மாற்றுதல் ஆகாது.

பின்னர் குளம்பு. நாள்தோறும் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பின் அடியிற் சிக்கிய கல்லையும் சேற்றையும் அகற்றவேண்டும். மாரிகாலத்திலே ஈரத்தில் நின்றால் குளம்பின் அடி அழுகி நாறும். குளம்பு நம் நகம்போல வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதனை வெட்டிச் சீர்செய்தல் வேண்டும். கல்வழியிலும் தார் வீதியிலும் உழைக்கும் குதிரைக்கு இலாடம் தேவை. மென்மணலிலே திரியும் குதிரை இலாடமின்றியும் நடக்கும். உடலைத் தேய்த்துவிடுதல் அழகுக்காக மட்டும் அன்று. சேணத்தின் கீழே உலர்ந்த வியர்வை தங்கினால் அது புண்ணாகும். தேய்க்குங் கையே வீக்கத்தையும் சூட்டையும் முதலில் அறிகின்றது.

பழக்குதல் இப்பேணுதலின் தொடர்ச்சியேயாகும். குதிரை வேட்டையாடும் விலங்கு அன்று, வேட்டையாடப்படும் விலங்கு. அச்சம் வந்தால் ஓடுவது அதன் இயல்பு. அதன் கண்கள் தலையின் இருபக்கத்திலும் அமைந்திருப்பதால் சுற்றுப்புறம் பெரும்பாலும் தெரியும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னே மிக அண்மையிலும் உள்ளது தெரியாது. ஆகையால், அறிந்தவன் பின்னாலிருந்து அணுகமாட்டான். குரல் கொடுத்துக்கொண்டே தோட்பக்கமாக வருவான்.

முதலிற் குட்டியைக் கைதொட்டுப் பழக்குவர். பின் கழுத்திலே கயிறிட்டு நடத்துவர். அதன்பின் நீண்ட கயிற்றிலே வட்டமாக ஓடவிட்டு, நில், நட, ஓடு என்னும் சொற்களை அறிவிப்பர். முதுகிலே முதலில் துணி, பிறகு சேணம், கடைசியிலேதான் ஆள். எலும்பு முற்றுவதற்கு முன்னே, அஃதாவது மூன்று நான்கு வயதுக்கு முன்னே, பாரம் ஏற்றுதல் தகாது. கடிவாளத்தை இழுப்பதனால் மட்டும் குதிரை கற்றுக்கொள்வதில்லை. சொன்னதை அது செய்த அக்கணத்திலே கை தளரவேண்டும். அத்தளர்ச்சியே குதிரைக்குக் கிடைக்கும் பரிசு. தளர்த்தத் தெரியாதவனிடம் குதிரையின் வாய் மரத்துப்போகும். சினத்தோடு குதிரையிடம் செல்லாதே என்று கிரேக்க நாட்டுச் செனபோன் கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே எழுதினார். இன்றைய பயிற்சியாளரும் அதனை மறுப்பதில்லை.

இத்தகைய இலாயம் ஒன்று இலங்கையின் வடகடலிலே இருந்தமைக்கு நெடுந்தீவு சான்று. குடாநாட்டின் மேற்கேயுள்ள தீவுகளுள் தொலைவில் இருப்பது அது. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லவேண்டும். பரந்த புல்வெளியும், கள்வர் எளிதிற் புகமுடியாத கடற்சூழலும் கண்ட போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தனர். 1795-க்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சியிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் படை அதிகாரியின் பொறுப்பிலே, அவ்வளர்ப்பு தொடர்ந்தது. பவளக் கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆன இலாயத் தூண்கள் வரிசையாக இன்றும் அங்கே நிற்கின்றன. நீர்த்தொட்டிகளின் எச்சமும் காணப்படுகின்றது. தொட்டி இருந்ததென்றால் அதனை நாள்தோறும் நிறைத்தவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களுடைய பெயர்களை வரலாறு எழுதிவைக்கவில்லை.

குதிரைப்படைக்கும் அஞ்சலுக்கும் குதிரை வேண்டாத காலம் வந்தது. உடையவர் கப்பலேறினர், குதிரைகள் தங்கிவிட்டன. அவற்றின் வழிவந்தனவாகக் கருதப்படும் மட்டக்குதிரைகள் பல நூறு இன்றும் தீவின் தென்பால் வெளிகளிலே கூட்டங் கூட்டமாகத் திரிகின்றன. கயிறும் இல்லை, சேணமும் இல்லை. பார்ப்பவர்க்கு இஃது இன்பமான காட்சி. ஆயினும், அவற்றைக் காட்டுக் குதிரை என்று கூறுவது முழு உண்மை ஆகாது. அவை காட்டிலே தோன்றியவை அல்ல. மனிதர் தம் தேவைக்காகக் கடல் கடத்திக் கொணர்ந்து, தேவை தீர்ந்ததும் கைவிட்டவற்றின் மரபு.

மாரியிலே குட்டைகள் நிரம்பிப் புல் தழைக்கும்போது அவற்றுக்குக் குறையில்லை. கோடையிலே குட்டைகள் வற்றுகின்றன. ஆறு இல்லாத சிறு தீவிலே மனிதருக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் நிலத்தடியிலே தங்கும் மழைநீரே நன்னீர். கடும் வறட்சிக் காலங்களில் குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகள் அண்மைக் காலத்திலும் வந்துள்ளன. 2015-ஆம் ஆண்டிலே நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள சுண்டிக்குளமும் அவ்வாண்டிலேயே அத்தகுதியைப் பெற்றது. அறிவிப்பு நன்று. ஆயினும் அறிவிப்புப் பலகை விலங்கின் தாகத்தைத் தீர்ப்பதில்லை.

அவற்றை மீண்டும் இலாயத்திலே அடைத்துப் பழக்கவேண்டும் என்பதில்லை. தலைமுறைகளாகத் தாமே புல் தேடி வாழக் கற்ற விலங்குகள் அவை. கோடைக்கு முன் குட்டைகளைத் தூர்வாரி ஆழமாக்குதல், வறட்சி மிகுந்த வாரங்களிலே தொட்டிகளை நிறைத்தல், கால்நடை வைத்தியர் ஆண்டுதோறும் கூட்டங்களைப் பார்வையிடுதல், மேய்ச்சல் நிலத்திலே பிளாத்திக்குக் குப்பை சேராமற் காத்தல் என்னும் இந்நான்கும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. தீவு மக்களுக்குக் குடிநீர் கிடைப்பதற்கான ஏற்பாட்டோடு இணைத்தே இவற்றைச் செய்தல் வேண்டும். மனிதருடைய குடத்துக்கும் குதிரையின் தொட்டிக்கும் போட்டி ஏற்பட்டால் இரண்டுமே வெறுமையாகும்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னே, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் அதன் இழப்பை யார் தாங்குவது என்று ஓர் அரசன் கல்லிலே வரையறுத்தான். கரைசேர்ந்த குதிரையைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் கல்லிலே எழுதிவைத்தார் எவருமிலர். நெடுந்தீவில் ஒவ்வொரு கோடையிலும் அவ்வினா எழுகின்றது. குட்டையிலே நீர் வற்றுமுன் தொட்டியிலே நீர் ஊற்றப்படுவதே அதற்கு உரிய விடையாகும்.