பழைய காரும் ரப்பர் புஷ்ஷும்

மலாய் மொழியில் புக்கிட் பாஞ்சாங் என்பதற்கு நீண்ட குன்று என்று பொருள். அதற்குத் தெற்கே, மேல் புக்கிட் தீமா சாலையில், 1941 அக்டோபரில் ஃபோர்டு நிறுவனம் தென்கிழக்காசியாவில் தனது முதல் கார் இணைப்புத் தொழிற்சாலையைத் திறந்தது. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அங்கேதான். சரணாகதியை அறிந்த அளவுக்குக் காரின் உறுப்புகளை நாம் அறிந்திலோம். அவற்றுள் மிகச் சிறிய ஒன்றை இங்கே காண்போம்.

எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. அத்தகைய முதிய கார், பிரேக்கை அழுத்தியதும் ஒருபுறம் இழுக்குமாயின், ஓட்டுநர் ஸ்டியரிங்கையே குறை கூறுவார். குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கக்கூடும். முன்சக்கரத்தைத் தாங்கும் கை, குறுக்குச் சட்டத்தோடு இணையும் மூட்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதுவே புஷ். அது நைந்தால் கை இடம் பெயரும். சக்கரத்தின் நேர்மையும் கெடும்.

மாட்டுவண்டியில் குடமும் அச்சும் உராய்வதால் வண்டி மை இடுகிறோம். உலோகக் குழல்களோடு ஒட்டிய ரப்பர் புஷ்ஷில் உராய்வே இல்லை. கை ஏறி இறங்குகையில் ரப்பர் முறுக்கிக்கொண்டு மீளும். ஆதலின் மை வேண்டுவதில்லை. ஆயினும் எண்ணெயும் வெப்பமும் ஓசோனும் அதற்குப் பகை.

இதனை மேம்படுத்த இரு வழிகள் உள. 1973 முதல் 1976 வரை வெளிவந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் உலோகக் குழலிட்ட ரப்பர் புஷ்ஷைப் பொருத்துவது ஒன்று. பாலியூரிதேன் புஷ் மற்றொன்று. 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் கண்ட இப்பொருள் எண்ணெய்க்கு அஞ்சாது; சக்கரத்தை இம்மியும் நகரவிடாது. ஆனால் சாலையின் அதிர்வை ஓட்டுநரிடம் சேர்க்கும். இது முறுக்கிக்கொள்ளாமல் உராய்ந்து சுழல்வது. ஆகவே மசகின்றேல் கிறீச்சிடும். வண்டி மையின் தேவை மீண்டும் வந்துவிட்டதன்றோ!

பொருத்துவோர் மூன்றை மறத்தலாகாது. அழுந்திய சுருள்வில் பேராற்றல் உடையது. அதனைத் தாங்கி மெல்ல விடுவித்த பின்னரே கையைக் கழற்ற வேண்டும். ஒட்டிய ரப்பர் புஷ்ஷாயின், காரின் எடை சக்கரங்களில் நிற்கும்போதே போல்ட்டை இறுதியாக முடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், கார் நின்றாலும் ரப்பர் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழியும். முடிவில் சக்கர நேர்மையை அளந்து பார்த்தல் வேண்டும்.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் நாற்றுகள் 22. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை ரிட்லி இங்கே காட்டினார். பின்னர் மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவருள் தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் திரட்டிய அப்பொருளின் சிறப்பு அதன் நெகிழ்ச்சியே. பந்தயத்திற்கு வன்மை தகும். அன்றாடச் சாலைக்கு நெகிழ்ச்சியே நன்று. வன்மையெல்லாம் மேம்பாடு ஆகாது.