பொய் சொல்லாத படங்கள்
வறுமையிலும் நேர்மை; பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

"அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லு!"

வாசலில் கடன் கொடுத்தவர் நிற்கிறார். அப்பா உள்ளேதான் இருக்கிறார். ஆனால், கையில் பணம் இல்லை. வாசலுக்குப் போவது யார்? ஏழு வயதுப் பிள்ளை!

"பொய் சொல்லக் கூடாது" என்று பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை படிக்கிறது. வீட்டிலோ பொய் சொல்லப் பழகுகிறது. இரண்டில் எதை அது நம்பும்?

பெற்றோர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கஷ்டம் யாரை விட்டது? மாமல்லபுரம் கரையில் கடல் சீறினால் படகு இறங்காது. படகு இறங்காவிட்டால் அன்று வருமானம் இல்லை. வெளியூர்க்காரர்கள் வராத நாளில் சிற்பக் கடைகள் காற்று வாங்கும். செங்கல்பட்டுப் பக்கம் மழை பொய்த்தால் ஏரி வறண்டுவிடும். கழனி வேலையும் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகளுக்கு நேர்மையை எப்படிச் சொல்லித் தருவது? அடித்துச் சொன்னால் பயம்தான் வரும். புத்திமதி சொன்னால் தூக்கம்தான் வரும். படம் காட்டிக் கதை சொன்னால்? கண் அகல விரியும். காது தானாகத் திறக்கும்!

கல்லில் ஒரு படக்கதை

இது புதிய வழி அல்ல. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே "அர்ச்சுனன் தபசு" என்ற பெரிய பாறைச் சிற்பம் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் செதுக்கியது. நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். மாமல்லபுரத்துச் சின்னங்களை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

அந்தப் பாறையில் ஒரு முனிவர் கைகளை உயரத் தூக்கித் தவம் செய்கிறார். யானைக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒரு பூனையும் அதே மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது! காலடியில் எலிகள்!

இந்தக் கதை மகாபாரதத்தில் வருகிறது. கங்கைக் கரையில் ஒரு பூனை தவம் செய்வது போல் நின்றது. "நான் யாரையும் கொல்ல மாட்டேன்" என்றது. எலிகள் நம்பின. அதனிடமே அடைக்கலம் புகுந்தன. நாளடைவில் பூனை கொழுத்தது. எலிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஓர் எலி துணிந்து பூனையோடு தனியாகப் போனது. திரும்பி வரவில்லை. மற்ற எலிகளுக்கு உண்மை விளங்கியது. ஓட்டம் பிடித்தன!

பொய் வேடம் போடுகிறவன் கொழுக்கிறான். நம்பிய எளியவர்கள் அழிகிறார்கள். எழுத்து ஒன்றுகூட இல்லாமல் அந்தப் பாறை இதைச் சொல்கிறது. குழந்தையோடு அங்கே போகிறவர்கள் யானையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். பூனையையும் காட்டுங்கள்.

ஒரு படமும் ஒரு நாடகமும்

காந்தியடிகள் சிறுவராக இருந்தபோது, ஊர் ஊராகச் சென்று படம் காட்டுகிறவர்கள் வருவார்கள். கண் தெரியாத தாய் தந்தையரைச் சிரவணன் காவடியில் வைத்துச் சுமந்து போகும் படத்தை அப்போது அவர் பார்த்தார். அது மனத்தில் பதிந்துவிட்டது. பிறகு அரிச்சந்திரன் நாடகம் பார்த்தார். "எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக் கூடாது?" என்ற எண்ணம் அவரை விடவில்லை. தம் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

படமும் நாடகமும் பார்த்ததும் அவர் உத்தமர் ஆகிவிட்டாரா? இல்லை! 15 வயதில் திருடினார்.

அண்ணனுக்குச் சுமார் 25 ரூபாய் கடன். அண்ணன் கையில் தங்கக் காப்பு இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கடனை அடைத்தார்கள். கடன் தீர்ந்தது, மனச்சுமை தீரவில்லை. தந்தையிடம் வாய் திறந்து சொல்லத் துணிவு இல்லை. அடிப்பார் என்ற பயம் அல்ல. மனம் நோவாரே என்ற பயம்! நடந்ததை ஒரு தாளில் எழுதினார். தண்டனையும் கேட்டார். நோயாகப் பலகையில் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார்.

தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்ணை மூடினார். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. மகனும் அழுதார். அந்தக் கண்ணீர் தம்மைக் கழுவியது என்று காந்தியடிகள் பின்னாளில் எழுதினார்.

உண்மை பேசப் பிள்ளைக்கு ஆசையைக் கொடுத்தது கதை. சொல்லிய உண்மையைத் தாங்கிக் கொண்டது தந்தையின் மனம். இரண்டும் வேண்டும்!

தங்கக் கோடரி கிடைக்குமா?

விறகுவெட்டி கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் கோடரி விழுந்தது. தேவதை தங்கக் கோடரியைக் காட்டியது. "இது என்னுடையது அல்ல" என்றான். மூன்று கோடரிகளும் பரிசாகக் கிடைத்தன!

நல்ல கதைதான். சின்னக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால், கொஞ்சம் வளர்ந்த பிள்ளை கேட்கும்: "கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே?"

என்ன பதில் சொல்வது? "அந்தக் கடைக்காரர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. இரவு கணக்குப் பார்க்கும்போது அந்த 10 ரூபாய் குறைந்திருக்கும்" என்று சொல்லலாம். பரிசுக்காக நேர்மை அல்ல. இன்னொருவர் வயிற்றில் அடிக்காமல் இருப்பதற்காகத்தான் நேர்மை. இது ஏழைப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும். வயிறு காய்வது எப்படி என்று அதற்குத் தெரியும் அல்லவா?

அரிச்சந்திரன் கதை இன்றும் நிற்பதற்குக் காரணம் என்ன? அவன் பட்ட கஷ்டத்தைக் கதை மறைக்கவில்லை. நாடு போயிற்று. மனைவியையும் மகனையும் விற்றான். சுடுகாடு காத்தான். திருவிழாக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும், விடிய விடிய நடந்த தெருக்கூத்தும் அந்தத் துயரத்தை அப்படியே காட்டின. அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

எப்படிப் பொறுக்குவது?

பிள்ளைக்குப் படப் புத்தகம் எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று: படத்தை மட்டும் பார்த்தே கதை புரிய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற தாயும் அப்போது தைரியமாகக் கதை சொல்லலாம்.

இரண்டு: ஏழையைத் திருடனாகவும், பணக்காரரை வள்ளலாகவும் காட்டும் புத்தகம் வேண்டாம். பிள்ளை தன் வீட்டை நினைத்துக் கூசும்.

மூன்று: தப்பு செய்த பிள்ளைக்குக் கதையில் திரும்பி வர வழி இருக்க வேண்டும். வழி இல்லாவிட்டால் பிள்ளை ஒளிக்கத்தான் கற்கும்.

எங்கே கிடைக்கும்?

காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் "வாசிப்பு இயக்கம்" தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு கதைப் புத்தகங்கள் வந்தன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேளுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய "ஸ்டோரிவீவர்" இணையதளத்தில், தமிழ்ப் படக்கதைகளைச் செல்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும், இரு மொழிகள் சேர்ந்தும் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. ஊர்ப்புற நூலகத்தையும் எட்டிப் பாருங்கள்.

படிக்கும்போது அவசரப்பட வேண்டாம். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பிள்ளை "எடுத்துக் கொள்வேன்" என்றால் கோபிக்காதீர்கள். அது உண்மையைச் சொல்லியிருக்கிறது! "ஏன்?" என்று கேளுங்கள். பிள்ளையின் மனத்தில் இருக்கும் கஷ்டம் வெளியே வரும்.

அடுத்த முறை கடன் கொடுத்தவர் வந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள். நீங்களே வாசலுக்குப் போங்கள். "இன்று கையில் இல்லை. கூலி வந்ததும் தருகிறேன்" என்று சொல்லுங்கள். இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும். ஆனால், கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காட்சியை விடப் பெரிய படப் புத்தகம் எது?