மிளகாய் நடலாம்; மண்ணைப் பார்த்து நடலாம்

தங்கவயலின் லைன் வீடுகளில் பெரிய தோட்டம் போட இடம் இல்லை. ஆனால் நான்கு பழைய டின்கள் வைக்கலாம். மிளகாய் வளர்க்கலாம். வாசலுக்கு அழகாகக் குரோட்டன்ஸ் வைக்கலாம்.

எந்த மண் நல்லது?

மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பக்கம் மலைபோல் குவிந்திருப்பது என்ன? சயனைடு மலை என்கிறோம். அது இயற்கை மலை அல்ல. சுரங்கத்தில் வெட்டிய பாறையைத் தூளாக்கினார்கள். சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சத் தூளைக் கொட்டினார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. தூள் இங்கேயே நிற்கிறது.

"இத்தனை வருடம் ஆச்சே, இன்னுமா விஷம்?" என்று சிலர் கேட்பார்கள். வெயிலிலும் காற்றிலும் சயனைடு மெல்லக் குறையும். ஆனால் பாறையில் இருந்து வந்த நச்சு உலோகங்கள் அழியாது. செடியின் வேர் அவற்றை உறிஞ்சலாம். எனவே அந்தத் தூளை மணல் என்று நினைத்துத் தொட்டியில் கலக்காதீர்கள். மேட்டுக்குத் தூரத்தில் உள்ள செம்மண்ணை எடுங்கள். அதோடு மக்கிய சாண எருவைச் சேருங்கள்.

மிளகாய்

பூச்சிமருந்து, பெயிண்ட் இருந்த டின் வேண்டாம். டின்னின் அடியில் மூன்று ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

பழுத்துக் காய்ந்த மிளகாயின் விதையை ஒரு தட்டு மண்ணில் தூவுங்கள். சுமார் பத்து நாளில் முளைக்கும். நாற்பது நாளில் நாற்றைப் பிடுங்கி, மாலை நேரத்தில் டின்னில் நடுங்கள். நல்ல வெயில் படட்டும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். நட்டு இரண்டரை மாதத்தில் பச்சை மிளகாய் பறிக்கலாம்.

இலை சுருண்டால் இலைப்பேன் சாறு உறிஞ்சுவது காரணமாக இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலக்குங்கள். மாலையில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

காற்றில் பறக்கும் தூள் காயிலும் படியும். பறித்த மிளகாயை நன்றாகக் கழுவிய பிறகே சமையுங்கள்.

குரோட்டன்ஸ்

இதற்கு விதை வேண்டாம். ஒரு சாண் கிளையை வெட்டி ஈரமண்ணில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை நிழலில் வையுங்கள். பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள். வெயில் பட்டால்தான் சிவப்பும் மஞ்சளும் நன்றாக ஏறும். இதன் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். இலையைத் தின்னக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தொட்டி மண் எங்கிருந்து வந்தது?
2. சயனைடு மேட்டில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா? அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?