புகையை விடுதல் – 7: வார்டில் நிற்கும் பீடி, ரத்தத்தில் ஏறும் மருந்து

மகாராஷ்டிரத்தின் சிஞ்ச்வட் வட்டாரத்தில் மருத்துவமனையில் சேரும் புகைபிடிப்பவர், சேர்ந்த அன்றே புகையை நிறுத்தியாக வேண்டும். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் அமலான விதிகளும் மருத்துவமனைக்குள் புகைபிடிப்பதைத் தடை செய்கின்றன. பிம்ப்ரியில் மாநகராட்சி நடத்தும் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனையானாலும், தேர்காவ் பகுதியில் இருக்கும் ஆதித்ய பிர்லா நினைவு மருத்துவமனையானாலும் சட்டம் ஒன்றுதான். இப்படித் திடீரென்று புகை நின்றதும் உடலுக்குள் நடக்கும் மாற்றமே இந்த வாரத்துக்கு உரியது. சென்ற இதழில் அறிவித்த நிகோடின் சூயிங்கம், இடம் இருந்தால் கடைசியில் வரும்.

நோயாளியிடம் பழக்கத்தைக் கேட்டறியும் முறை முன்பே சொல்லப்பட்டது. தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்குப் பிடிப்பு ஆழம் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

மகாராஷ்டிரத்துக்கென்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தில் வயது வந்தோரில் புகைபிடிப்பவர்கள் 3.8 சதவீதம், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 24.4 சதவீதம். வறுத்துப் பொடித்த புகையிலையான மிஷ்ரியைப் பல்லில் தேய்க்கும் பெண்கள் இங்கே ஏராளம். ‘பீடி, சிகரெட் உண்டா?’ என்று மட்டும் கேட்டால் அவர்கள் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. கேள்வியில் மிஷ்ரி, குட்கா, சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கிய புகையிலை ஆகிய மூன்றின் பெயரும் இருக்க வேண்டும்.

இனி வார்டுக்குள் போகலாம். கல்லீரலில் சி.ஒய்.பி.1ஏ2 என்று ஒரு நொதி இருக்கிறது. சில மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது அதன் வேலை. புகையிலை எரியும்போது உண்டாகும் தார்ப் பொருள்கள் இந்த நொதியை மிகுதியாக்குகின்றன. அதனால் புகைபிடிப்பவரின் உடலில் அந்த மருந்துகள் வேகமாகக் கரைந்துபோகின்றன. மற்றவர்களைவிட அவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. இதில் நிகோடினுக்குப் பங்கில்லை என்பதுதான் வியப்பு. எரிதல்தான் காரணம். கரியில் சுட்ட இறைச்சியைத் தொடர்ந்து தின்றாலும் இதே நொதி பெருகுகிறது என்பதை 1970-களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். ஆகவே பீடியும் சிகரெட்டும் இந்த நொதியைத் தூண்டும். எரிக்காத குட்கா தூண்டாது. நிகோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் அப்படியே. ஆசையை அடக்க அவை உதவும், நொதி இறங்குவதைத் தடுக்கா.

புகை நின்றதும், தூண்டப்பட்டுக் கூடியிருந்த நொதியின் செயல் ஏறக்குறைய 39 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். மருந்தோ அதே அளவில் போய்க்கொண்டிருக்கும். சிதைப்பவன் ஓய்ந்துவிட, ரத்தத்தில் மருந்து ஏறும்.

எந்த மருந்துகள்? முதலில் தியோஃபிலின். டெரிஃபிலின் என்ற பெயரில் இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமான மாத்திரையில் இதுவும் இருக்கிறது. மூச்சிரைப்புக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்புக்கும் தரப்படுகிறது. அந்த அடைப்பு நோய்க்காரர்களில் பலர் புகைத்தவர்களே. தியோஃபிலினில் குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். ஏறினால் குமட்டல், வாந்தி, கைநடுக்கம், படபடப்பு. மிக ஏறினால் வலிப்பு. அடுத்தது மனச்சிதைவு நோய்க்குத் தரும் க்ளோஸபின், ஓலன்ஸபின். புகையை நிறுத்திய நோயாளி காரணமின்றி மயங்கிக் கிடந்தால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, டீக்கடை மருந்தான கஃபீன். அதையும் இதே நொதிதான் சிதைக்கிறது. தொழிற்சாலை வாசலில், டப்ரி என்று மராட்டியில் சொல்லும் பெட்டிக்கடையில், டீயும் பீடியும் சேர்ந்தே ஓடிய உடல் அது. பீடியை விட்டபின் அதே எண்ணிக்கையில் டீயோ காபியோ குடித்தால், ரத்தத்தில் கஃபீன் இரண்டு மடங்குக்கு மேலும் ஏறக்கூடும். பதற்றம், தூக்கமின்மை, எரிச்சல் வரும். புகையிலையை விட்டவருக்கு வரும் தொல்லைகளும் இவையே. கஃபீன் செய்வதையும் பீடி ஏக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு, தாங்க முடியாமல் மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. டீயைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது ஒரு வரி அறிவுரை. அதைச் சொல்லாமல் அனுப்புவது பெரிய குறை.

அறிவுரையே பாதிப் பேருக்குத்தான் கிடைக்கிறது. அதே கணக்கெடுப்பில், நாடு முழுவதும் முந்தைய ஓராண்டில் மருத்துவரிடம் போன புகைபிடிப்பவர்களில் ‘விட்டுவிடுங்கள்’ என்ற அறிவுரை கிடைத்தவர்கள் 48.8 சதவீதம், புகையில்லாப் புகையிலைக்காரர்களில் 31.7 சதவீதம்.

வார்டில் தொடங்கிய உதவி வார்டோடு முடிந்தால் பயன் குறைவு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் போனிலோ நேரிலோ தொடர்ந்தால், விடுபவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் உறுதியானது இது. மாரடைப்பு வந்தபின் புகையை விட்டவர்களுக்கு மரண ஆபத்தும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. படுக்கைக்கு ஆள் காத்திருக்கும் பொது மருத்துவமனையில் இந்தத் தொடர்ச்சி கடினமே. 2016-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் தொடங்கிய 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் அங்கே கைகொடுக்கும். இப்போது புகையிலைப் பாக்கெட்டிலேயே அது அச்சாகிறது.

சூயிங்கத்துக்கு இடம் இல்லை. அதை மென்று தின்னாமல் கன்னத்தில் ஒதுக்கிவைக்கும் முறையோடு அடுத்த வாரம் வரும். அதுவரை ஒன்று செய்யலாம். வீட்டில் எவரேனும் டெரிஃபிலினோ மனநோய் மருந்தோ சாப்பிட்டுக்கொண்டே புகையை விட்டிருந்தால், விட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபடி தொடங்கினால் அதையும் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் முடிவு.