சக்கரம் பெரிசானால் பெட்ரோல் மிச்சமா?

குட்டீஸ், ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்தில் இருந்து கிளம்பினால், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். ஏரி, படகு எல்லாம் பார்த்தாச்சா? இன்னும் போனால், மஞ்சக்குட்டை மாதிரி மலை ஊர்கள். இப்படிப்பட்ட ஊரில் கார் வைத்திருப்பவருக்கு மைலேஜ் கவலை இல்லாமல் இருக்குமா?

'பெரிய சக்கரம் மாட்டினால், ஒரு சுற்றில் அதிக தூரம் போகுமே... பெட்ரோல் மிச்சம்தானே?' என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கணக்குப் போடலாமா?

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 2014ல் தயாரிப்பு நின்றுவிட்டாலும், உங்கள் தாத்தா ஓட்டியிருப்பார்! அதன் டயரில், '145/70 ஆர் 12' என்று இருக்கும். 145 என்பது, மில்லி மீட்டரில் டயரின் அகலம். அதில் 70 சதவீதம், பக்கச் சுவரின் உயரம். 12 என்பது, அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஆக, முழுச் சக்கரத்தின் விட்டம் 51 செ.மீ., ஒரு கி.மீ., போக, சுமார் 627 முறை சுற்ற வேண்டும்.

'155/65 ஆர் 13' டயரை மாட்டினால், 599 சுற்று போதும். அட, 28 சுற்று மிச்சம்!

ஆனால், சமதளத்தில் ஒரே வேகத்தில் போனால் மட்டும், இன்ஜின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றி, துளி லாபம் கிடைக்கலாம். பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமும் அதிகம்; நின்று நின்று கிளம்பும்போது, அதைச் சுழற்றவே பெட்ரோல் செலவாகும்.

மலையில் கதையே வேறு. கியர் சைக்கிளில், கடினமான கியரைப் போட்டு மேடு ஏறிப் பாருங்கள், மூச்சு வாங்கும். காருக்கும் அப்படித்தான். இரண்டாவது கியரில் ஏறிய வளைவில், முதல் கியருக்கு வர வேண்டியிருக்கும். மிச்சம் எங்கே?

இறங்கும்போதுதான் ஆபத்து. 'ஏறின கியரிலேயே இறங்கு' என்பார்கள் மலை டிரைவர்கள். இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும் என்பதால்தான் அப்படி. சக்கரம் பெரிசானால் அந்தப் பிடி தளரும். பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டி வரும். ரொம்பச் சூடானால் பிரேக் சரியாகப் பிடிக்காது.

இன்னொரு வேடிக்கை... கார் மீட்டருக்குச் சக்கரம் மாறியது தெரியாது! 100 கி.மீ., ஓடினால், 95.5 என்றே காட்டும். 'மைலேஜ் போச்சே' என்று, உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகவே புலம்புவார் கார்க்காரர். வேகமுள் 40 காட்டும்போது, நிஜ வேகம் 42.

உங்கள் சைக்கிள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அளந்து பாருங்கள். அண்ணனின் சைக்கிளையும் அளக்க மறக்காதீர்கள்!